குடல் நோயும் குவளை நீரும்

வீட்டில் ஒரு குழந்தைக்கு வயிற்றுப்போக்குக் கண்டுவிட்டது. குழந்தை நாவறண்டு தண்ணீர் கேட்கிறது. கொடுக்கலாமா, கூடாதா? சொந்த ஊரை விட்டுக் கொல்கத்தாவிலும் தில்லியிலும் மும்பையிலும் குடியேறி வாழும் நம் குடும்பங்களில் இவ்வினா எழாத வீடு அரிது. ஊரிலிருந்தால் பாட்டி ஒருவர் பக்கத்தில் இருப்பார். இங்கே அவரும் இல்லை. அயல் வீட்டார் ஒன்று சொல்வர். தொலைபேசியில் தாய் வேறொன்று சொல்வார். "தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும், வயிற்றைக் காயப்போடு" என்பதே பெரும்பாலும் நம் காதில் விழும் அறிவுரை.

இக்கருத்தை நம் பாட்டிமாரின் அறியாமை என்று ஒதுக்கிவிடுதல் நேர்மையாகாது. மேலைநாட்டு மருத்துவப் பெரியார்களும் நெடுங்காலம் இதையே கற்பித்தனர். நோயுற்ற குடலுக்கு ஓய்வு தர வேண்டும் என்பது அவர்களது கொள்கை. பாட்டியும் பேராசிரியரும் ஒரே பிழையைச் செய்தனர். அப்பிழையின் விலை எண்ணற்ற உயிர்கள். அது திருந்திய வரலாற்றில் பெரும்பகுதி நிகழ்ந்தது நம்மில் பலர் இன்று பிழைப்பு நாடி வாழ்கின்ற கொல்கத்தா நகரத்தில்தான். அவ்வரலாற்றையே ஈண்டு நாம் கூற விழைகிறோம்.

1817ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், இன்று வங்காள தேசத்தைச் சேர்ந்த ஜெசூர் நகரில் வாந்திபேதி கொடிய வேகத்துடன் தோன்றியது. கங்கையின் கழிமுகப் பகுதிக்கு அந்நோய் புதிதன்று. ஆயினும் அவ்வாண்டு அது தன் எல்லையைக் கடந்தது. படைகள் சென்ற வழியிலும், வாணிகர் சென்ற வழியிலும், யாத்திரிகர் சென்ற வழியிலும் நோயும் உடன் சென்றது. சில ஆண்டுகளுக்குள் இந்தியாவெங்கும் பரவிக் கடல் கடந்து ஆசியாவின் பல நாடுகளையும் எட்டியது. காலையில் நலமாக இருந்தவர் மாலையில் பிணமாவதைக் கண்ட மக்கள் தெய்வத்தைச் சரணடைந்தனர். வங்கத்து இந்துக்கள் ஓலாதேவி என்றும், முஸ்லிம்கள் ஓலா பீபி என்றும் ஒரே தெய்வத்தை இரு பெயரால் வேண்டிக்கொண்டனர். கொள்ளைநோய் வரும்போதெல்லாம் நம் ஊர்களில் மாரியம்மனுக்குக் கூழ் வார்த்ததும் இத்தகைய அச்சத்தின் விளைவே.

இரண்டாம் முறை உலகைச் சுற்றிவந்த கொள்ளைநோய் 1831ஆம் ஆண்டு இங்கிலாந்தை அடைந்தது. அப்போது வில்லியம் புரூக் ஓஷாநெசி என்னும் 22 வயது இளைஞர் நோயாளிகளின் இரத்தத்தைச் சோதித்தார். இரத்தத்திலிருந்த நீரின் பெரும்பகுதி வெளியேறியிருந்தது, உப்புகளும் குறைந்திருந்தன. இழந்த நீரையும் உப்பையும் உடலுக்குத் திருப்பித் தருவதே மருந்து என்று அவர் எழுதினார். அடுத்த ஆண்டில், ஸ்காட்லாந்தின் லீத் துறைமுகத்தில் தாமஸ் லாட்டா என்னும் மருத்துவர் அதைச் செய்தே காட்டினார். மூதாட்டி ஒருத்தியின் நாளத்தில் உப்புநீரை ஏற்றினார். உயிர் பிரியும் நிலையில் கிடந்தவள் கண் விழித்தாள், முகம் தெளிந்தது. உறுதி பெற்றுவிட்டாள் என நம்பிய லாட்டா அவளை விட்டு அகன்றார். மீண்டும் பேதி தொடங்கியது. நீர் ஏற்ற ஆளில்லை. சில மணி நேரத்தில் அவள் இறந்தாள்.

அம்மூதாட்டியின் முடிவில் ஒரு பாடம் இருந்தது. இழப்பு நிற்கும் வரை ஈடு செய்தலும் நிற்கக்கூடாது என்பதே அது. ஆனால் அக்கால மருத்துவ உலகம் அதைக் கற்கவில்லை. ஏற்றிய நீர் தூய்மையற்றது, அளவோ போதாது. ஆதலால் பலர் இறந்தனர், முறை கைவிடப்பட்டது. லாட்டாவும் 1833இல் மறைந்தார். ஏற்கெனவே வற்றிய உடலிலிருந்து இரத்தத்தையும் வடித்து, இரசமருந்தும் அபினும் கொடுத்து, தண்ணீர் கேட்டவருக்கு அதை மறுத்த பழைய சிகிச்சை தொடர்ந்தது.

ஓஷாநெசி என்ன ஆனார்? அவர் 1833இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில் சேர்ந்து கல்கத்தாவுக்கே வந்தார். 1835இல் தொடங்கிய கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் இரசாயனப் பேராசிரியராக அமர்ந்தார். பின்னர் இந்தியாவின் முதல் தந்திக் கம்பிகளை நாட்டிப் புகழ் பெற்றார். வாந்திபேதியின் மருந்தை முதலில் எண்ணியவர் அந்நோயின் தாயகத்திலேயே பல்லாண்டு வாழ்ந்தும், அவ்வெண்ணம் அங்கே கிளைக்கவில்லை. உண்மை ஒன்று கண்டறியப்படுவது வேறு, அது மக்களைச் சென்று சேர்வது வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இதற்கிடையே, நோயை வருமுன் காக்கும் துறையில் அறிவு வளர்ந்தது. 1854இல் இலண்டனில் ஜான் ஸ்நோ என்னும் மருத்துவர், பிராடு தெருவின் குழாயடியிலிருந்து நீர் எடுத்தவர்களே மிகுதியாக மடிந்தனர் என்று வீடு வீடாக விசாரித்து அறிந்தார். அக்குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. நோய் காற்றில் வருவதன்று, நீரில் வருவது என்பது அவர் துணிபு. அதே ஆண்டில் இத்தாலி நாட்டுப் பிலிப்போ பாச்சினி நோயாளிகளின் குடலில் வளைந்த நுண்கிருமியைக் கண்டார். எவரும் பொருட்படுத்தவில்லை.

ஜெர்மானிய அறிஞர் இராபர்ட் காக் 1883ஆம் ஆண்டு எகிப்தில் ஆய்வைத் தொடங்கி, அவ்வாண்டின் இறுதியில் கல்கத்தா வந்து சேர்ந்தார். 1884இன் தொடக்கத்தில் அவர் அந்நுண்கிருமியைத் தனியே பிரித்தெடுத்தார். அத்துடன் நில்லாமல் நகரின் புறத்தே இருந்த ஒரு குளத்தையும் ஆராய்ந்தார். அக்குளத்தைச் சுற்றி வாழ்ந்தோரிடையே நோய் பரவியிருந்தது. குளிப்பதும், துணி துவைப்பதும், குடிநீர் எடுப்பதும் அக்குளத்திலேதான். நோயாளியின் துணியும் அங்கேயே அலசப்பட்டது. குளத்து நீரில் அதே கிருமி இருந்தது. ஒரே நீர்நிலையை எல்லாவற்றுக்கும் பயன்படுத்தும் வழக்கத்தை நம் ஊர்க் குளக்கரைகளிலும் கண்டு வளர்ந்தவர்கள் நாம். இந்நிகழ்ச்சியின் பொருளை எவரும் நமக்கு விளக்க வேண்டியதில்லை.

புதிய ஊருக்குக் குடிபெயர்ந்தவர் வயிற்று நோய் கண்டால், "அந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை" என்று நாம் கூறுவது வழக்கம். அச்சொல்லில் உண்மை உண்டு. ஆனால் ஒவ்வாதது பெரும்பாலும் நீரின் தன்மையன்று. நீரில் கலந்த அழுக்கும் அதனுள் வாழும் கிருமியுமே. காக் கண்ட குளம் நமக்குத் தரும் பாடம் இதுதான். நகரங்களில் வடிகட்டிய குழாய்நீரும் மூடிய சாக்கடையும் வந்த இடங்களில் நோய் பின்வாங்கியது. அவை வராத சேரிகளிலும் சிற்றூர்களிலும் அது நிலைத்தது. ரஷ்யப் பேரரசில் பிறந்த வால்டெமார் ஹாஃப்கின் 1893இல் தடுப்பூசியுடன் இந்தியா வந்து, 1894இல் கல்கத்தாவின் குடிசைப் பகுதிகளில் அதைச் சோதித்தார். அவருடைய முயற்சி பெரிது. ஆயினும் தூய நீருக்கு ஈடாக ஊசி மட்டும் நிற்கவில்லை.

நோய் வந்துவிட்டவரைக் காப்பது எவ்வாறு? இவ்வினா எஞ்சி நின்றது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லியோனார்டு ராஜர்ஸ் கல்கத்தாவில் செறிவான உப்புநீரை நாளத்தில் ஏற்றும் முறையைச் சீர்ப்படுத்தி, மருத்துவமனை மரணங்களை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தார். பின் வந்த மருத்துவர்கள் அளவையும் உப்பின் கலவையையும் மேலும் திருத்தினர். முடிவில், நல்ல மருத்துவமனையை உரிய நேரத்தில் அடைந்த வாந்திபேதி நோயாளி இறப்பது மிக அரிதாயிற்று. ஆனால் அம்முறைக்குத் தூய்மை செய்த நீர் வேண்டும், குப்பி வேண்டும், ஊசி வேண்டும், கைதேர்ந்தவர் வேண்டும். நோயோ இவை எவையும் இல்லாத இடத்தைத் தேடித்தான் வந்தது. மருந்து ஓரிடத்திலும் நோயாளி வேறிடத்திலும் இருந்தனர். இவ்விடைவெளியில்தான் மக்கள் மாண்டனர்.

இவ்விடைவெளியைத் தாண்ட முயன்றவருள் கல்கத்தா மருத்துவர் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி ஒருவர். 1953ஆம் ஆண்டு அவர் தம் அனுபவத்தை 'லான்செட்' என்னும் புகழ்பெற்ற ஆங்கில மருத்துவ இதழில் வெளியிட்டார். ஒரு லிட்டர் நீரில் 4 கிராம் உப்பும் 25 கிராம் குளுக்கோசும் கரைத்து, கடுமையற்ற நிலையிலிருந்த நோயாளிகளுக்குக் குடிக்கக் கொடுத்ததாகவும் அவர்கள் பிழைத்ததாகவும் அதில் எழுதினார். அவர் பயன்படுத்திய துணை மருந்துகளில், நம் வீட்டு முற்றங்களில் கற்பூரவல்லி என்றும் ஓமவல்லி என்றும் வளரும் செடியின் இலைச்சாறும் ஒன்று.

உலகம் இதை ஏன் ஏற்கவில்லை? இந்திய மருத்துவர் ஒருவரின் சொல்லுக்கு மேலைநாட்டில் மதிப்பில்லை என்பது ஒரு விடை. அதில் உண்மை இல்லாமல் இல்லை. எனினும் அது முழு விடையன்று. சட்டர்ஜி ஒப்புநோக்க மற்றொரு குழு நோயாளிகளை வைத்துச் சோதிக்கவில்லை. உட்சென்ற நீரையும் வெளியேறிய நீரையும் அளந்து கணக்குக் காட்டவில்லை. பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தமையால் எது பலித்தது என்று பிரித்தறியவும் இயலவில்லை. அவர் கண்டது உண்மை. ஆனால் அவ்வுண்மைக்கு அடித்தளம் இன்னும் இடப்படவில்லை. குடித்த நீரைக் குடல் எப்படி ஏற்கும் என்பதற்கு அன்று எவரிடமும் விளக்கம் இல்லை.

தடையாக நின்றது ஒரு பழைய கோட்பாடு. வாந்திபேதியில் குடலின் உட்தோல் உரிந்து அழிந்துவிடுகிறது என்று 19ஆம் நூற்றாண்டின் அறிஞர் பலர் நம்பினர். உட்தோலே இல்லாத குடலில் நீரை ஊற்றுவது ஓட்டைக் குடத்தில் ஊற்றுவது போன்றது அன்றோ? 'குடலுக்கு ஓய்வு' என்ற கொள்கையும் இந்நம்பிக்கையைச் சார்ந்தே நின்றது.

இக்கோட்பாட்டின் வேர் கல்கத்தாவில் அசைந்தது. அங்கே சம்புநாத் டே என்னும் நோய்க்கூற்று அறிஞர், பெருவசதிகள் எவையும் இன்றி ஆய்வு செய்து வந்தார். முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இரு முனையிலும் நூலால் கட்டி, அதனுள் வாந்திபேதிக் கிருமியைச் செலுத்தினார். கட்டிய குடற்பகுதி நீரால் நிறைந்து பருத்தது. பின்னர், கிருமிகளை முற்றிலும் வடித்து நீக்கிய திரவத்தை மட்டும் செலுத்தினார். அப்போதும் குடல் நீரால் நிறைந்தது. எனவே கேடு விளைப்பது கிருமி வெளியிடும் ஒரு நஞ்சு என்பது தெளிவாயிற்று. 1959ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் இம்முடிவு வெளிவந்தது. அதே ஆண்டில் பம்பாயின் ஹாஃப்கின் நிலையத்தில் என். கே. தத்தாவும் அவருடைய துணைவர்களும் முயற்குட்டிகளைக் கொண்டு செய்த சோதனைகளும் இதே திசையில் சென்றன.

குடலின் உட்தோல் அழிவதில்லை என்பதற்கு நேர்ச்சான்றும் விரைவில் கிடைத்தது. நோயாளி விழுங்கக்கூடிய ஒரு சிறு கருவியால் குடலின் உட்தோலில் துளியளவு கிள்ளி எடுக்கும் முறை அப்போது வந்திருந்தது. குடல்நோய் நிபுணர்களின் கருவி அது. பாங்காக் நகரில் நோயாளிகளிடமிருந்து அவ்வாறு எடுத்த துணுக்குகளை ஆராய்ந்த அமெரிக்க மருத்துவர்கள், உட்தோல் உரியாமல் இருப்பதை 1960இல் தெரிவித்தனர். அதே ஆண்டில் இராபர்ட் கிரேன் என்னும் உயிர்வேதியியல் அறிஞர் பிராக் நகரில் ஓர் அரிய கருத்தை வெளியிட்டார். குடலின் சுவரில் குளுக்கோசும் உப்பின் சோடியமும் இணைபிரியாமல் ஒரே வாயில் வழியாக உள்ளே செல்கின்றன என்பதே அக்கருத்து. அவை செல்லும்போது நீரும் பின்தொடர்கிறது.

இவற்றை ஒன்றுசேர்த்தால் புதிர் அவிழ்கிறது. வாந்திபேதியின் நஞ்சு குடலின் மடையைத் திறந்து நீரை வெளியே பாய்ச்சுகிறது. ஆனால் நீர் உள்ளே வரும் வாயிலை அது அடைப்பதில்லை. வெறும் நீர் அவ்வாயிலில் எளிதில் நுழையாது. வெறும் உப்புநீரும் நுழையாது. சர்க்கரை துணைவந்தால் உப்பு நுழையும். உப்பின் பின்னே நீர் நுழையும். குடம் ஓட்டைதான், ஆயினும் ஒழுகுவதைவிட விரைவாக ஊற்றினால் குடம் வற்றாது.

இக்கருத்தை நோயாளிகளிடம் முறையாகச் சோதித்தது டாக்கா. 1968ஆம் ஆண்டு டேவிட் நாலின், ரிச்சர்டு கேஷ் ஆகிய இளம் மருத்துவர்கள், கடுமையாக நோயுற்ற 29 பேரிடம் அளந்து செய்த ஆய்வை வெளியிட்டனர். வாய்வழிக் கரைசல் கொடுத்தால் நாளத்தில் ஏற்ற வேண்டிய நீரின் தேவை ஏறத்தாழ 80 சதவீதம் குறையும் என அது காட்டியது. கல்கத்தாவிலும் அக்காலத்தில் இத்தகைய ஆய்வுகள் நடந்தன. ஆயினும் இவையெல்லாம் மருத்துவமனைச் சுவர்களுக்குள், நிபுணரின் கண்முன் நிகழ்ந்தவை. படிப்பறியாத தாய் ஒருத்தி தன் கையால் இதைச் செய்ய முடியும் என்று மருத்துவ உலகம் நம்பவில்லை.

1971ஆம் ஆண்டு அந்த ஐயம் தீர்ந்தது. கிழக்குப் பாகிஸ்தானில் மூண்ட போரிலிருந்து தப்பி ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் இந்தியாவுக்குள் வந்தனர். எல்லையோரத்துப் பன்காவ் நகரில் இலட்சக்கணக்கானோர் முகாம்களில் நெருங்கிக் கிடந்தனர். மழைக்காலம் தொடங்கியது, வாந்திபேதியும் தொடங்கியது. ஜூன் திங்களில் 36 வயதுடைய குழந்தை மருத்துவர் திலீப் மகலானபிஸ் தம் சிறு குழுவுடன் அங்கே சென்றார். சிறிய மருத்துவமனையின் இரண்டு அறைகளில் நோயாளிகள் தரையில் நெருங்கிக் கிடந்தனர். நாளத்தில் நீர் ஏற்றக் குனிந்தவர், கழிவிலும் வாந்தியிலும் மண்டியிட்டே அதைச் செய்ய வேண்டியிருந்தது. உப்புநீர்க் குப்பிகள் தீர்ந்துகொண்டிருந்தன; ஏற்றத் தெரிந்தவர் மிகச் சிலர்.

இரண்டே நாளில் அவர் நிலைமையை உணர்ந்தார். முறைப்படி நடந்தால் பெரும்பாலோர் இறப்பது உறுதி. முறையை மீறினால், தவறு நேரின் பழி முழுவதும் தம்மையே சாரும். அவர் இரண்டாவதைத் தேர்ந்தார். கல்கத்தாவில் தம் ஆய்வு நிலையத்தின் நூலக அறையில் குளுக்கோசு, உப்பு, சோடா உப்பு ஆகியவற்றை அளந்து சிறு பைகளில் அடைக்கச் செய்தார். ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம், 3.5 கிராம், 2.5 கிராம் என்பது அளவு. முகாமில் பெரிய பீப்பாய்களில் அவை கரைக்கப்பட்டன. நோயாளியின் தாயும் தமக்கையும் கணவனும் குவளையை ஏந்திவந்து கரைசலைப் பிடித்துச் சென்று புகட்டினர். நாளத்தில் ஏற்றும் உப்புநீர், உயிர் போகும் நிலையில் இருந்தவர்க்கு மட்டும் ஒதுக்கப்பட்டது.

தொடக்கத்தில் உறவினர் தயங்கினர். பேதி கண்டவருக்கு நீர் கொடுப்பதா? ஆனால் புகட்டிய சில மணி நேரத்தில் குழிந்த கண்கள் நிமிர்வதை அவர்கள் நேரில் கண்டனர். ஏறத்தாழ 3,700 பேருக்கு இவ்வாறு சிகிச்சை நடந்தது. முன்னர் 100 பேரில் 30 பேர் அளவுக்கு இருந்த மரணம், இக்குழுவின் பொறுப்பில் இருந்தவரிடையே 3.6 சதவீதமாகக் குறைந்தது. பாதி வேலையைச் செய்தவர்கள் மருத்துவர்கள் அல்லர். மருத்துவம் அறியாத உற்றார் உறவினர்.

இந்நிகழ்ச்சியில் வானொலிக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை நாம் இங்கே மகிழ்ச்சியுடன் குறிக்கிறோம். உப்பையும் குளுக்கோசையும் கரைக்கும் முறையைப் போர்க்காலத்தில் மறைவாக இயங்கிய வங்காள தேச வானொலி ஒன்று ஒலிபரப்பியது. போர் சூழ்ந்த சிற்றூர்களில் மருத்துவர் இல்லை, மருந்து இல்லை. வானொலியின் குரல் மட்டும் சென்று சேர்ந்தது.

மகலானபிஸ் இவ்வனுபவத்தை எழுதி அனுப்பியபோது உடனே வெளியிட இதழ்கள் முன்வரவில்லை. 1973இல்தான் அது அச்சேறியது. உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த திமன் பருவா முகாமை நேரில் கண்டவர்; இம்முறையின் பெருமையை உலகரங்கில் எடுத்துரைத்தார். 1978 முதல் அந்நிறுவனம் வயிற்றுப்போக்கைக் கட்டுப்படுத்தும் உலகளாவிய திட்டத்தின் நடுப்பொருளாக இக்கரைசலை ஏற்றது. 1980 முதல் 1990 வரை வங்காள தேசத்தில் 'பிராக்' என்னும் தொண்டு நிறுவனத்தின் பெண் ஊழியர் ஒரு கோடிக்கு மேற்பட்ட வீடுகளுக்கு நடந்து சென்று, உப்பையும் வெல்லத்தையும் கரைக்கும் முறையைத் தாய்மார்க்குக் கற்பித்தனர்.

சிறப்புகள் தாமதமாகவே வந்தன. சம்புநாத் டே 1973இல் பணி ஓய்வு பெற்றார். அவருடைய பணியின் அருமையை உணர்ந்து நோபல் பரிசுக்கு அவர் பெயரை முன்மொழிந்தவர், நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பர்க். 1978இல் நோபல் கருத்தரங்குக்கு டே அழைக்கப்பட்டார், பரிசு கிட்டவில்லை. 1985இல் மறைந்தார். மகலானபிஸ் 2022ஆம் ஆண்டு அக்டோபரில் மறைந்தார். அதற்கு அடுத்த ஆண்டில்தான் பத்ம விபூஷண் விருது அவர் பெயருக்கு அறிவிக்கப்பட்டது. காப்பாற்றப்பட்டவரின் தொகையோ கோடிக்கணக்கில் வைத்து மதிப்பிடப்படுகிறது.

இவ்வரலாற்றில் தமிழ்நாட்டுக்கும் இடம் உண்டு. 1992இல் வாந்திபேதிக் கிருமியின் புதியதொரு வகை முதலில் தென்பட்டது சென்னையில்தான். வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் குடல்நோய் அறிஞர்கள், எளிதில் செரிக்காத மாப்பொருளைக் கரைசலில் சேர்த்தால் பேதி விரைந்து குறைவதை 2000ஆம் ஆண்டு நிறுவினர். குழந்தைகளின் கடும் வயிற்றுப்போக்குக்குப் பெருங்காரணமான ரோட்டா வைரசுக்கு இந்தியாவிலேயே உருவான தடுப்பு மருந்தும் தில்லி, புனே, வேலூர் ஆகிய மூன்றிடங்களில் 6,799 குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டது. 2016 முதல் ரோட்டா வைரசுத் தடுப்பு மருந்து அரசாங்கத்தின் தடுப்பூசித் திட்டத்தில் படிப்படியாகச் சேர்ந்து, இன்று நாடெங்கும் 6, 10, 14ஆம் வாரங்களில் குழந்தைகளுக்கு இலவசமாகப் புகட்டப்படுகிறது. எந்த மாநிலத்தில் வாழ்ந்தாலும் நம் குழந்தைக்கு அது உரியது.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். தண்ணீர் கொடுக்கலாமா? கொடுக்க வேண்டும், உடனே கொடுக்க வேண்டும். மருந்துக் கடையில் 'ஓ.ஆர்.எஸ்.' என்று கேட்டால் கிடைக்கும் பொடியை, உறையில் குறித்த அளவு நீரில் முழுமையாகக் கரைக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் வாய்பாட்டைச் சேர்ந்ததா என்று உறையைப் பார்த்தல் நலம். இனிப்புப் பானங்கள் இதற்கு ஈடாகா. பொடி கிடைக்காத இடத்தில், கொதித்தாறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். கண்ணீரைவிட உப்புக் கரித்தால் அதைக் கொட்டிவிட வேண்டும். உப்பு மிகுந்தால் குழந்தைக்குத் தீங்கு. கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கலாகாது. குழந்தை வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகத் தொடர வேண்டும். தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்த வேண்டா. மருத்துவர் கூறும் அளவில் துத்தநாக மாத்திரையை 10 முதல் 14 நாள் கொடுத்தல் நோயைக் குறைக்கும்.

குழந்தை சோர்ந்து கிடந்தாலும், குடிக்க இயலாவிட்டாலும், கண் குழிந்து சிறுநீர் நின்றாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும் மருத்துவமனைக்கு உடனே செல்ல வேண்டும். பெரியவர்களும் மலத்தில் இரத்தம், காரணமின்றி உடல் மெலிதல், விழுங்குவதில் தடை, மஞ்சட்காமாலை ஆகியவற்றை நாட்கடத்தாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். தேவையானால் அவர் குடல்நோய் நிபுணரிடம் அனுப்புவார். நோய் முற்றிய பின் செல்வதினும் முதலில் செல்வதே நிபுணரின் அறிவை நன்கு பயன்கொள்ளும் வழி. அதற்கும் முந்திய காப்பு நம் வீட்டிலேயே உள்ளது: மூடிவைத்த தூய குடிநீர், சோப்பிட்டுக் கழுவிய கை, ஈ மொய்க்காத உணவு.

வேற்று மொழி வழங்கும் ஊரில் வாழும் நாம், இம்மருந்தின் உள்ளூர்ப் பெயரையும் அறிந்திருத்தல் நன்று. வங்கத்தில் 'நுன்–சினிர் ஜல்' என்றாலும், இந்தி வழங்கும் ஊர்களில் 'ஜீவன் ரக்ஷக் கோல்' என்றாலும், மராட்டியத்தில் 'மீட்–சாகர் பாணி' என்றாலும் பொருள் ஒன்றே. அயல் வீட்டுத் தாய் தன் குழந்தைக்கு நீரை மறுக்கக் கண்டால், அவளுடைய மொழியில் இவ்விரு சொற்களைச் சொல்ல நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

1832இல் லீத் துறைமுகத்து மூதாட்டி இறந்தபோது, அவள் அருகில் குவளையுடன் அமர்ந்து நீர் புகட்ட ஒருவரும் இல்லை. 1971இல் பன்காவில் ஒவ்வொரு நோயாளியின் அருகிலும் ஒருவர் இருந்தார். இரண்டுக்கும் இடையே கழிந்த 139 ஆண்டுகளில் அறிஞர் பலர் தேடியது, அவ்வாறு அமர்ந்திருப்பவரின் குவளையில் எதைக் கரைத்துத் தர வேண்டும் என்பதையே. அவ்விடை இப்போது நம் சமையலறையில் இருக்கிறது.